கல்லுத்தலை ஆபீஸ்காரர்

சொல்லத்தான் போறேன். அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. பத்து மணிக்கு வக்கீல் பொண்ணு பியூலா போன் பண்ணுவா, அவளுக்கு அங்க கோவில்பட்டியில மத்தியானம் மூணரை, எனக்கு இங்க மக வீட்டுல, ரெய்க்யவிக்ல, காலை பத்து. மேடம், உங்க பேரை சாட்சிப் பட்டியல்ல போடவா வேண்டாமா, இன்னைக்குத்தான் கடைசி நாள்னு கேப்பா. போடுங்கன்னு சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை. முப்பத்தாறு வருஷம் தாலுகா ஆபீஸ்ல குப்பை கொட்டினவளுக்கு, துணை தாசில்தாரா ரிட்டயர்டு ஆனவளுக்கு, ஒரு வார்த்தை சொல்ல என்ன இத்தனை பாடு? அதான் வீட்டை விட்டே இறங்கிட்டேன். வீட்டுக்குள்ள இருந்தா சிந்துஜா மூஞ்சியைப் பாத்துக்கிட்டுப் பேசணும். நேத்தே கேட்டுட்டா, அம்மா, ஆபீஸ்ல நீ ஒருத்திதானா அப்படி எழுதின, எல்லாரும்தான எழுதினாங்க, இந்த வயசுல கோர்ட்டு வாசல் உனக்கு எதுக்குன்னு. பெத்த மக கேக்கிறா, பாசத்துலதான் கேக்கிறா, ஆனா அந்தக் கேள்வி மெத்தை மாதிரி இருக்கு, சாஞ்சா எந்திரிக்க முடியாது. செத்த நடந்துட்டு வரேன்டின்னு சொன்னேன். தனியாவான்னா. ஆமா தனியாத்தான், ஜனாதிபதி கையைப் பிடிச்சுக்கிட்டா போகமுடியும்னேன். சிரிச்சா. அவளோட கோட்டை எடுத்து என் சேலை மேல மாட்டிவிட்டா, கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்து, குல்லா போட்டு, போனைப் பையில வச்சு, அம்மா இது ஜூன் மாசம்தான், ஆனா காத்து உன்னைத் தூக்கிட்டுப் போயிரும்னா. ஜூன் மாசமாம். இந்தக் குளிருக்கு இவங்க கோடைகாலம்னு பேர் வச்சிருக்காங்க. மணி ஒன்பது அஞ்சு. பத்து வரைக்கும் நடப்பேன். நடந்துக்கிட்டே பழகிக்குவேன். போடுங்க பியூலா. என் பேரைப் போடுங்க. இந்தா, வாயில வருதுல்ல.

வாயில வரத்தான் செய்யுது. ஒரு வரி, அவ்வளவுதான் எழுதினது. மனுதாரர் விசாரணைக்கு ஆஜராகவில்லை, எனவே மனு முடிக்கப்படுகிறது. தொண்ணூத்தெட்டு மே மாசம், ஜமாபந்திக்கு ரெண்டு நாள் முன்னாடி. வருஷா வருஷம் மேல இருந்து அதிகாரி வந்து தாலுகா கணக்கையெல்லாம் விரிச்சு வச்சுப் பாப்பாரு, எத்தனை மனு நிலுவைன்னு கேப்பாரு, நிலுவை கூடிட்டா தாசில்தாருக்கு ஏச்சு, தாசில்தாருக்கு ஏச்சு விழுந்தா எங்களுக்கு ரெண்டு மடங்கு. அதனால அதுக்கு முந்தி ஒரு நாள் உக்காந்து நிலுவையை உடைப்போம். உடைப்போம்னுதான் சொல்றது, தேங்கா உடைக்கிற மாதிரி. நோட்டீஸே அனுப்பியிருக்க மாட்டோம், விசாரணையே வச்சிருக்க மாட்டோம், ஆனா மனுதாரர் ஆஜராகவில்லை. அன்னைக்கு மட்டும் நாப்பத்திமூணு மனு. கை பாட்டுக்கு எழுதுச்சு. அதுல ஒண்ணு குருவம்மாளோடது. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கினவ, புருஷன் இல்ல, மூணு சென்ட் நத்தம் பொறம்போக்குல குடிசை போட்டு இருபது வருஷமா இருக்கேன், பட்டா குடுங்கய்யான்னு மனு. அப்புறம் அந்த மூணு சென்ட்டுக்கு வேற ஒருத்தன் பட்டா வாங்கிட்டான், இப்ப அவளைக் காலி பண்ணுன்னு கேஸ் போட்டிருக்கான், அவன் கையில இருக்கிற பெரிய ஆதாரம் எது? என் வரி. பாருங்கய்யா, கூப்பிட்டும் வரல, அவளுக்கே அக்கறை இல்லன்னு. குருவம்மாவுக்கு வக்கீலா நிக்கிற பியூலா தகவல் உரிமைச் சட்டத்துல பைலை வாங்கி, கீழ இருந்த என் சுருக்கொப்பத்தைப் பிடிச்சு, பென்சனர் சங்கத்துல விசாரிச்சு, ஆறாயிரம் மைல் தாண்டி என்னைப் பிடிச்சிட்டா. சூட்டிகையான பிள்ளை. எங்க ஆபீஸ்ல சேர்ந்திருந்தா கெட்டுப் போயிருப்பா. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: மேடம், அன்னைக்கு குருவம்மா ஆபீசுக்கு வந்திருந்தாங்களா? வந்திருந்தா. காலைல பத்துல இருந்து வராந்தாவுல, என் சன்னலுக்கு நேர் கீழ, சுவத்துல முதுகைச் சாச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. வந்தவளை வரலன்னு எழுதினேன். நேத்து விடிகாலையில ஆவுடையப்பன் சார் போன் பண்ணிட்டாரு, அப்ப அவருதான் தாசில்தார், எழுபத்தொன்பது வயசு, குரல் மட்டும் இன்னும் அதே அதிகாரம். எம்மா சண்பகம், ஞாபகமில்லன்னு சொல்லிரு. அதுல பொய்யும் இல்ல மெய்யும் இல்ல. ஆயிரம் பைல் பாத்திருப்போம், எவளுக்கு ஞாபகம் இருக்கும்? நீ வாயைத் திறந்தா என் கையெழுத்தும்ல சந்திக்கு வரும். பென்சன்ல கை வச்சாலும் வைப்பான் பாத்துக்கன்னு. எனக்குப் பயம் இல்லன்னு சொன்னா அதுவும் பொய்தான்.

இதென்ன தெரு, தரையில ஏழு கலர் அடிச்சிருக்கான். சர்ச்சுல இருந்து இறங்குது சரிவு, அந்தச் சரிவு முழுக்க வானவில்லை உருட்டி விட்ட மாதிரி பட்டை பட்டையா, மேல மனுசங்க நடக்குறாங்க, நாய் நடக்குது, எனக்குத்தான் மிதிக்க மனசு வரல. ஓரமா நடந்தேன். நம்ம ஊர்ல கோலத்தை மிதிச்சா வய்வாங்க, இங்க மிதிக்கத்தான் போட்டிருக்கானோ என்னமோ. தெருப் பேரு ஒண்ணும் வாயில நுழையல, ஒவ்வொண்ணும் ரெயில் பெட்டி நீளம். சிந்துஜா எழுதிக் குடுத்த சீட்டைப் பையிலயே வச்சிட்டேன். எனக்கு எதுக்கு சீட்டு? சிலை சொல்லு, போயிருவேன். சிலை ஸ்டாப்புல இறங்கி கிழக்க போங்க, சிலைக்குப் பின்னாடி மெடிக்கல் ஷாப்பு, இதுதான நமக்கு அட்ரஸ். சிலையும் எனக்குப் புதுசு இல்ல. தேர்தல் அறிவிச்ச அன்னைக்கே தாலுகாவுல இருக்கிற தலைவர்கள் சிலையையெல்லாம் துணியால மூடணும், அந்த வேலை எங்க தலையிலதான் விழும். காடாத் துணி, சணல் கயிறு, ஒரு ஏணி, ரெண்டு தலையாரி, மொட்டை வெயில்ல ஒவ்வொரு சிலையா ஏறி மூஞ்சியை மூடிக் கட்டுவோம். கட்சிக்காரன் வந்து கழுத்தை ரொம்ப இறுக்கிக் கட்டிட்டீங்கன்னு சண்டைக்கு நிப்பான். சிலைக்குக் கழுத்து வலிக்குமாம். எத்தனை மூஞ்சியை மூடியிருப்பேன், கணக்கே இல்ல. இங்க சிலைக்குக் கூண்டு இல்ல, மாலை இல்ல, போலீஸ் இல்ல. சுவத்துல கூட படம் வரைஞ்சு வச்சிருக்கான், ஒரு மூணு மாடிச் சுவரு முழுக்க ஒரு பொம்பளை கண்ணை மூடிக்கிட்டு இருக்கா, அந்த மூடின கண்ணு ஒண்ணே என் உசரம் இருக்கும். நின்னு பாத்தேன். ஓட்டு கேக்காத சுவரை நான் இப்பத்தான் பாக்கிறேன். யாருக்காக வரைஞ்சானோ. திடீர்னு ஒரு நினைப்பு குத்திச்சு: குருவம்மா ஒருத்தி. பாக்கி நாப்பத்திரெண்டு பேரு? அவங்க யாரு, என்ன கேட்டாங்க, ஒரு பேர் கூட ஞாபகம் இல்லியே. நாளைக்கு நான் கோர்ட்டுல ஏறினா அந்த நாப்பத்திரெண்டு குடும்பமும் கிளம்பி வந்துட்டா? வரட்டும். வரட்டுமேன்னு வாய் சொல்லுது, கால் நடக்க மாட்டேங்குது. நடடி சண்பகம். சரிவுதான, தானா இறங்கும்.

அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். அதைச் சொல்லலாம். ஆறு வயசு சிந்துஜாவுக்கு நூத்திமூணு டிகிரி, பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருந்தேன், மனசு எங்கயோ இருந்துச்சு, கை என்னமோ எழுதிருச்சு. நல்லாத்தான் இருக்கு கேக்க. இருபத்தேழு வருஷமா எனக்கு நானே இதைத்தான் சொல்லிட்டு வரேன். ஆனா காய்ச்சல் வந்தது ஜூலை மாசம், ஸ்கூல் திறந்து யூனிபார்ம் புதுசா இருந்துச்சு, அது மேல வாந்தி எடுத்தா, நான் துவைச்சேன். ஜமாபந்தி மே மாசம். மே மாசம் அவளுக்கு ஒரு கேடும் இல்ல, ஆச்சி வீட்டுல நுங்கு தின்னுக்கிட்டு இருந்தா. ஜூலைக் காய்ச்சலை இழுத்துட்டு வந்து மே மாசத்துல படுக்க வச்சிருக்கேன் நான். பிள்ளை காய்ச்சலைக் கூட விடல. சீ. இப்படி என்னை நானே வஞ்சுக்கிட்டே இறங்கி வரேன், தெரு முடியிற முக்குல ஒரு பொம்பளை நிக்கா. சிலை. ஐயோ, என்ன பொம்பளை. அழகே கிடையாது. தலை சிறுசு, தோளு மலை, காலு ரெண்டும் உரல், ரெண்டு கையிலயும் ரெண்டு வாளி. தண்ணி தூக்குறா. பேர்ப்பலகையைத் தேடினேன், எந்த ராணி, எந்தத் தலைவரோட பெண்சாதின்னு. அப்படி யாரும் இல்ல போல, சும்மா தண்ணி தூக்கினவ. வீடு வீடா தண்ணி சுமந்து ஊத்தினவளுக்கு ஒரு ஊரு நட்ட நடு ரோட்டுல சிலை வச்சிருக்கு. அவ முதுகு பாரம் இழுக்கிற முதுகு, எனக்குப் பாத்ததும் தெரியும், எங்க தெருவுல லாரித் தண்ணிக்கு நின்ன பொம்பளை அத்தனை பேருக்கும் அதே முதுகு. கிட்டப் போயி அந்த வாளியைத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. அப்பதான் அந்தத் தம்ளர் நினைப்புல வந்துச்சு. வேணாம்னு நினைச்சா வந்துரும். எவர்சில்வர் தம்ளர், விளிம்புல நசுங்கல், ஆபீஸ் பானையில மோந்து நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன் குருவம்மாவுக்கு. ரெண்டு கையாலயும் வாங்கினா. அண்ணாந்து குடிக்கல, வாய் வச்சுக் குடிக்கலாமான்னு கண்ணாலயே கேட்டா, குடின்னேன். தம்ளர்ல என் விரல் மை ஒட்டியிருந்துச்சு, நீலம், அதைக் கூட ஞாபகம் இருக்கு. ஆவுடையப்பன் சார், எனக்கு மை ஞாபகம் இருக்கு, என்ன பண்ண? அத்தனை பேரு அந்த வராந்தாவுல நடந்தோம், கிளார்க்கு, பியூன், புரோக்கர், ஒருத்தரும் அவளைப் பாக்கல, நான் பாத்தேன், தண்ணி குடுத்தேன். நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவ இல்ல. எத்தனை மணி அப்ப? மூணரை இருக்கும். விடு. அது இப்ப எதுக்கு. தண்ணி குடுத்தேன்ல, அது போதும்.

ரோட்டைத் தாண்டினேன், கார்க்காரன் எனக்காக நிறுத்தினான், நான் அவனுக்காக நின்னேன், ரெண்டு பேரும் மரியாதை பண்ணிக்கிட்டே அரை நிமிசம் போச்சு. அந்தப் பக்கம் ஏரி. ஊருக்கு நடுவுல ஏரி, பிளாட் போடாம விட்டிருக்கான், பட்டா கேட்டு மனு வரலியா இவங்களுக்கு? வாத்தும் அன்னமும் சாவகாசமா மிதக்குது. காத்து மூக்கு நுனியை அறுக்குது. கரையோரமா நடந்தா, தூரத்துல ஒரு ஆளு பெட்டியைத் தூக்கிக்கிட்டு வேகமா எட்டு வச்சு வர்றாரு, கோட்டு, பேண்ட்டு, கையில தோல் பெட்டி, ஆபீசுக்கு நேரமாச்சுங்கிற நடை. ஆனா நகரல. அதுவும் சிலைதான். சரி, தலையை மூடியிருக்கு. பாத்ததும் எனக்கு வந்த முத நினைப்பு என்ன தெரியுமா, அடடா, இங்கயும் எலெக்சன் அறிவிச்சிட்டாங்க போல, மூடிட்டாங்களே, சிந்துஜா சொல்லவே இல்லியேன்னு. நிஜமா அப்படித்தான் நினைச்சேன். துணி நல்லா அழுந்தக் கட்டியிருக்காங்க, சபாஷ், கயிறு கூட வெளிய தெரியலியேன்னு மெச்சிக்கிட்டே கிட்டப் போனா, துணி இல்ல. கல்லு. நெஞ்சுக்கு மேல மூஞ்சி, தோளு, காது ஒண்ணும் கிடையாது, பாறாங்கல்லு ஒண்ணை அப்படியே எடுத்து வச்சிருக்கு, கரடு முரடா, கறுப்பா, ரெண்டு ஆள் பாரம் இருக்கும். கீழ பாத்தா மடிப்புக் கலையாத பேண்ட்டு. மேல கல்லு. பக்கத்துல பூச்செடி நட்டுக்கிட்டு முனிசிபாலிட்டிப் பொம்பளை ஒருத்தி மண்டியிட்டு இருந்தா, என் வயசுதான் இருக்கும், கையெல்லாம் மண்ணு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டேன், இவரு யாரும்மா, பெரிய தலைவரான்னு. அவ நிமிர்ந்து பாத்து, யாரும் இல்ல, ஆபீஸ்காரர்னா. எந்த ஆபீஸ்? ஏதோ ஒரு ஆபீஸ், சர்க்கார் ஆபீஸ். பேரு? பேரு தெரியாது, பேரு தெரியாத ஆபீஸ்காரர், அதுதான் அவர் பேரு. அப்படி என்ன சாதிச்சாருன்னு சிலை வச்சீங்கன்னேன். அவ மண்ணைத் தட்டிக்கிட்டே சொன்னா, வேலை பாத்தார். சொல்லிட்டு, நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு என்னைக் கேட்டா. நான் சிலையைக் கைகாட்டினேன். இந்த வேலைதான்னேன். அவ சிரிச்ச சிரிப்புல வாத்து ரெண்டு பறந்துருச்சு. அப்ப உங்களுக்குத்தான் வச்சிருக்கு, கூட நின்னு போட்டோ எடுத்துக்கங்கன்னு சொல்லி என் போனை வாங்கி எடுத்தும் குடுத்துட்டு, அடுத்த பாத்திக்குப் போயிட்டா. போட்டோவைப் பாத்தேன். குல்லாவும் கோட்டும் போட்டு நான், கல்லைப் போட்டுக்கிட்டு அவரு. ரெண்டு பேர்ல என் மூஞ்சிதான் கொஞ்சம் தெரியுது.

மணி ஒன்பது நாப்பத்தெட்டு. இனி வீட்டுக்கு ஏறினா சரிவுல மூச்சு வாங்கும், போன் பாதி வழியில அடிக்கும். இங்கயே உக்காந்துருவோம். பெஞ்சு ஈரம், பரவால்ல. அட, நம்ம ஆளு, உன்கிட்டத்தான்யா பேசணும். உனக்கு யாரு வச்சது இந்தக் கல்லு? மேலதிகாரியா, நீயே தூக்கி வச்சுக்கிட்டியா? என் கணக்குல ரெண்டும்தான். முத நாள் ஒரு கூழாங்கல்லு வைப்பான், கனமே தெரியாது, எல்லாரும் எழுதுறாங்க, நீயும் எழுதுன்னு. அப்புறம் நாமளே வச்சுக்குவோம், ஏன்னா கல்லு இருந்தா சொகம், கேக்க வேண்டாம், பாக்க வேண்டாம், சன்னலுக்குக் கீழ யாரு உக்காந்திருக்கான்னு குனிய வேண்டாம். வீட்டுக்குப் போனா பிள்ளை வீட்டுப்பாடம் கேக்கும், அப்ப தலையை எடுத்து மாட்டிக்கலாம். நான் நல்ல அம்மாவாத்தான் இருந்தேன். நல்ல பொண்டாட்டியா இருந்தேன், அவரு போற வரைக்கும் ஒரு நாள் சோறு ஆறினது இல்ல. பத்துல இருந்து அஞ்சே முக்கால் வரைக்கும்தான் கல்லு. ஊர்க்காரன் உன்னைப் பாத்து சிரிக்கத்தான் இங்க நிறுத்தி வச்சிருக்கான்யா, அது தெரியுமா உனக்கு? ஆனா பாரு, உன் நடையில ஒரு அவசரம் இருக்கு, எங்கயோ போயே தீரணும்னு ஒரு கால் முன்னாடி இருக்கு. அது எனக்குப் பிடிச்சிருக்கு. போன் அடிக்குது. பத்தாகலியே. எடுத்தா ஆவுடையப்பன் சார். எம்மா சண்பகம், அந்த வக்கீல் கூப்பிட்டாளா, என்ன சொன்ன? இன்னும் கூப்பிடல சார். கூப்பிட்டா நான் சொன்னதைச் சொல்லிரு, ஞாபகமில்லன்னு மூணு தடவை சொல்லு, நாலாவது தடவை கேக்க மாட்டா. சார், எனக்கு ஞாபகம் இருக்கு சார். சார் குரல் இறங்கிருச்சு, அதிகாரம் போயி வெறும் வயசாளிக் குரல். சண்பகம், எனக்கு எண்பது ஆகப்போகுதும்மா. தெரியும் சார், குருவம்மாவுக்கும் அறுபத்தெட்டு ஆச்சு, அவ எங்க போவா சார்? நான் உன்னை மக மாதிரி வச்சிருந்தேன்ல. வச்சிருந்தீங்க சார், இல்லன்னு சொல்லல, ஆனா அதை வேற நாள் பேசுவோம், வச்சிடுறேன். வச்சிட்டேன். வாழ்க்கையில முத தடவை தாசில்தார் பேசிக்கிட்டு இருக்கும்போது போனை வச்சிருக்கேன். எனக்கு அழுகை வந்துச்சு, அந்தக் கிழவருக்காகவும்தான்.

பத்து அடிச்சு ரெண்டு நிமிசம். பியூலா. மேடம், வணக்கம், நல்லா இருக்கீங்களா, குளிரா அங்கன்னா. பின்னாடி கோர்ட்டு வளாகத்துச் சத்தம், டைப்படிக்கிற சத்தம், டீ டீன்னு ஒருத்தன் கத்துறது, எல்லாம் ஏரிக்கரையில கேக்குது. குளிருதும்மா, நீ விசயத்துக்கு வா. மேடம், நாலு மணிக்குள்ள பட்டியல் குடுக்கணும், உங்க பேரைப் போடவா? எதிர்ல கல்லு. போடுங்கன்னேன். சத்தமாவே சொல்லிட்டேன், பூச்செடிக்காரி திரும்பிப் பாத்தா. எழுதிக்க, எம். சண்பகவல்லி, துணை தாசில்தார், ஓய்வு. ஆகஸ்ட்டுல ஊருக்கு வரேன், என்னைக்குக் கூப்பிட்டாலும் வந்து கூண்டுல ஏறுறேன், அந்த வரியை எழுதினது நான், நோட்டீஸ் அனுப்பல, அவ வந்திருந்தா, நான் கண்ணால பாத்தேன். ஒரே மூச்சுல எல்லாம் வந்துருச்சு. அவ்வளவுதானா? இதுக்கா இருபத்தேழு வருஷம்? உடம்பு லேசாகி, நான் சிரிக்கக்கூட செஞ்சேன்னு நினைக்கிறேன். பியூலா எழுதிக்கிட்டே பேசினா. தேங்க்ஸ் மேடம், ரொம்ப தேங்க்ஸ், குருவம்மா ஆச்சி இங்கதான் இருக்காங்க, அவங்களுக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம், குடுக்கவான்னா. நான் வேணாம்னு சொல்லல. சொல்லியிருக்கலாம்.

தாயி, கேக்குதா? கேக்குது, சொல்லுங்க. அன்னைக்குக் கண்டாங்கிச் சேலை கட்டி, சன்னல் பக்கத்துல இருந்தது நீங்கதான? நான்தான். எனக்குத் தண்ணி குடுத்தீகளே, நீங்கதான? ஆமா, நான்தான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம். தாயி, அந்த ஆபீஸ்ல அத்தனை பேரு எம்மேல கால் படாமத் தாண்டித் தாண்டிப் போனாக, நீங்க ஒருத்தரு குனிஞ்சு தண்ணி குடுத்தீக, வாய் வச்சுக் குடின்னீக. நான் இந்தப் பிள்ளைகிட்ட அப்பவே சொன்னேன், இந்த அநியாயத்தை எவன் எழுதியிருந்தாலும் சரி, அந்தத் தண்ணி குடுத்த மகராசி எழுதியிருக்க மாட்டான்னு. இப்ப நீங்கதான் எழுதினேன்னு சொல்றீகளாம். எனக்குப் புத்திக்கு எட்டல. தண்ணி குடுத்துட்டு உள்ள போனதும் அவுக உங்களை அதட்டி எழுத வச்சாகளா? அப்படித்தான இருக்கும்? சொல்லுங்க தாயி. அவ எனக்கு வழி விடுறா. ஆமான்னு சொன்னா போதும், அவளுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல், எந்தக் கோர்ட்டும் மணி பாக்கப் போறது இல்ல, தம்ளர்ல இருந்த மையை இந்த உலகத்துல நான் ஒருத்திதான் பாத்தேன். ஆபீஸ்காரரைப் பாத்தேன். அவருக்குக் காது இல்ல. எனக்கு இருக்கு. இல்லம்மா, யாரும் அதட்டல, எழுதி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சு வந்து தண்ணி குடுத்தேன்னேன். எழுதின மை காயிறதுக்குள்ள குடுத்தேன். டீக்காரன் திரும்பவும் ஒருதரம் கத்தினான். வச்சிட்டாளோன்னு போனைக் காதுல இருந்து எடுத்துப் பாத்தேன், வைக்கல, நொடி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் குருவம்மா பேசினா. குரல்ல தாயி இல்ல, அழுகை இல்ல. சரி, அதையும் கோர்ட்டுல சொல்லுங்கன்னா. சொல்றேன்னேன்.